சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்: 21 கேம்களில் அடைத்த ஒரு பொற்காலம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய கேம்களை இன்றைய டிவியில் ஆட ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால், தொண்ணூறுகளின் சூப்பர் நின்டெண்டோ கன்சோலின் குட்டிப் பதிப்பாக 2017 செப்டம்பரில் வந்த சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்கை வாங்குங்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சரக்குதான். கையில் அடங்கும் பெட்டி, உள்ளே எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்), எச்டிஎம்ஐ வழியாக 720பி படம், இருபது கேம்கள் பக்கம், இரண்டு கன்ட்ரோலர்கள். கணக்குப் பார்த்தால் சோனியின் பெட்டிக்குத்தான் வலு அதிகம்: அதில் 1 ஜிபி நினைவகம், நின்டெண்டோ பெட்டியில் 256 எம்பி. அப்படியிருந்தும் நின்டெண்டோ பெட்டியை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. சோனி பெட்டி அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பழைய கேம் ஒன்று மனதில் தங்குவதில் பெரும்பங்கு அதன் வேகத்துக்குத்தான். பட்டனை அழுத்தினால் எத்தனை நேரத்தில் குதிக்கும், எந்தத் தாளத்தில் அடி விழும் என்பதைக் கை பல ஆண்டுகள் கழித்தும் மறப்பதில்லை. அந்த வேகத்தை நின்டெண்டோ பத்திரமாகக் காப்பாற்றியது. சோனி கோட்டை விட்டது.

50-க்கும் 60-க்கும் உள்ள தூரம்

அந்தக் காலத்து டிவிகள் இரண்டு சாதி. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி முறை. விநாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படும். ஐரோப்பா உட்பட பல நாடுகளில் பால் (PAL) முறை. விநாடிக்கு 50 முறைதான், அதாவது 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறை திரை புதுப்பிக்கும்போதும் ஒரு அடி முன்னேறும்படி எழுதப்பட்ட கேமை, மாற்றி அமைக்காமல் பால் நாடுகளுக்கு அனுப்பினால் ஆட்டம் ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாக ஓடும். சிலவற்றில் பாட்டும் சேர்ந்து இழுக்கும். செகாவின் முதல் சோனிக் கேம் அதன் மெகா டிரைவ் கன்சோலின் பால் பதிப்பில் இப்படித்தான் ஓடியது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு.

பிளேஸ்டேஷன் கிளாசிக்கின் 20 கேம்களில் 9 கேம்களுக்கு இந்த 50 ஹெர்ட்ஸ் பால் பதிப்பைத்தான் வைத்தார்கள், அமெரிக்காவில் விற்ற பெட்டியிலும் கூட. டெக்கன் 3 அதில் ஒன்று. சண்டை கேமில் ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், சின்ன விஷயமில்லை. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் 20. எதிராளியின் உதையைப் பார்த்துத் தடுக்கக் கைக்குப் பழகிய இடைவெளி மாறிவிடுகிறது. அதோடு முடியவில்லை. பெட்டி டிவிக்கு அனுப்புவது 60 ஹெர்ட்ஸ் படம், கேம் தருவதோ 50 ஃப்ரேம். குறையும் பத்தை நிரப்ப, ஐந்து ஃப்ரேமுக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை வரும். பின்னணி நகரும்போது உற்றுப் பாருங்கள்: வழுக்கிக்கொண்டு போக வேண்டிய காட்சி, சீரான இடைவெளியில் சின்னதாக விக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

எமுலேட்டர்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அதில் இருப்பது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற திறந்த மூல எமுலேட்டர். சிறிய சாதனங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்த நல்ல மென்பொருள். தவறு நடந்தது கேம்களின் பதிப்பைத் தேர்ந்தெடுத்தபோதுதான்.

நின்டெண்டோ செய்தது நேர் எதிர். ஐரோப்பாவில் விற்ற சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்கைப் பாருங்கள். வெளி உடம்பு அங்கே பழகிய வடிவம், வண்ண பட்டன்கள் உட்பட. உள்ளே இருக்கும் கேம்கள் மட்டும் அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் பதிப்பு. சிறுவயதில் மெதுவான பால் பதிப்பில் ஒரு கேமை ஆடியவர்கள், அதை எழுதியவர்கள் நினைத்த வேகத்தில் இந்தப் பெட்டியில்தான் முதன்முறையாக ஆடியிருப்பார்கள். அவர்களுடைய ஞாபகத்துக்கு இது உண்மையாக இருக்கிறதா என்றால் இல்லை. ஆனால் கேமுக்கு உண்மையாக இருக்கிறது. பொற்காலம் என்று நாம் பேசுவது எல்லோருக்கும் ஒரே காலம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது: ஒரே கேம், ஒரே ஆண்டுகள், ஆளுக்கு ஒரு வேகம்.

படம்

நின்டெண்டோ பெட்டியில் மூன்று வகைப் படத் தேர்வு உண்டு. மெனுவின் மேல்பகுதியில் இருக்கும் டிஸ்ப்ளே குறியில் போய் மாற்றலாம். சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலான நேரம் வரைவது 256-க்கு 224 புள்ளிகள் கொண்ட படம். அதைப் பழைய டிவி 4:3 அளவுக்கு இழுத்துக் காட்டியது. அதாவது புள்ளி ஒவ்வொன்றும் உயரத்தைவிட அகலம் கூடியதாகத் தெரிந்தது. ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ என்ற தேர்வு புள்ளியைச் சரியான சதுரமாக்கும். கூர்மையில் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் மாரியோ இளைத்துத் தெரிவார், வட்டமாக வரைந்தவை நிமிர்ந்த முட்டையாகிவிடும். ‘4:3’ தேர்வில் வடிவம் சரி. 256 என்ற எண் அந்த அகலத்துக்குள் முழு மடங்காக அடங்காததால் விளிம்புகளில் கொஞ்சம் மென்மை. ‘சிஆர்டி’ (பழைய குழாய் டிவி) தேர்வு கிடைமட்டக் கோடுகளைப் போட்டுப் படத்தைக் கொஞ்சம் கலங்கடிக்கும்.

நம் பரிந்துரை 4:3. சிஆர்டி தேர்வு பெயருக்குத்தான் பழைய டிவி. உண்மையான பழைய டிவியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலந்தன. ஓவியர்கள் அதை எதிர்பார்த்தே வரைந்தார்கள். சோனிக் கேமின் அருவி நல்ல உதாரணம். ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம் என்று மாறி மாறி வரைந்திருப்பார்கள். அன்றைய காம்போசிட் கேபிளில் கோடுகள் கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் கண்ணாடி நீராகிவிடும். இன்றைய சுத்தமான படத்தில் அதே அருவி வெறும் கோடுகளாக, சீப்பு மாதிரி நிற்கிறது. கேம் அப்படியேதான் இருக்கிறது, மங்கலான கேபிள்தான் இல்லை.

டிவியில் செய்ய வேண்டியவை

பெட்டியைக் குறை சொல்லுமுன் டிவியைச் சரிசெய்யுங்கள். “பழைய மாதிரி ஆட வரலையே” என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு வயது காரணமில்லை, டிவிதான் காரணம். இன்றைய டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். அந்த மெருகேற்றலுக்கே 100 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் டிவிகள் உண்டு. 60 ஹெர்ட்ஸில் அது ஆறு ஃப்ரேம்.

எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ‘கேம் மோட்’ போடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒளி மாற்றம் மூன்றையும் அணையுங்கள். பட அளவை ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று வையுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் உள்ள உயிர் எண்ணிக்கையை டிவி வெட்டிவிடும். 16:9-க்கு இழுக்கும் தேர்வைத் தொடவே வேண்டாம். பிறகு சூப்பர் பஞ்ச்-அவுட் கேமைப் போட்டு நாலைந்து சுற்று குத்துச்சண்டை ஆடிப் பாருங்கள். எதிராளி கையை ஓங்குவதைப் பார்த்த பிறகு விலகினால் தப்ப முடிகிறதா? தப்ப முடிந்தால் டிவி சரி. ஊகித்து முன்கூட்டியே விலக வேண்டியிருந்தால் இன்னும் ஏதோ ஒரு மெருகேற்றல் அணையாமல் இருக்கிறது.

மின்சாரம் மைக்ரோ யுஎஸ்பி வழியாக, 5 வோல்ட், 1 ஆம்பியர். டிவியின் யுஎஸ்பி துளையில் செருகினாலும் பெரும்பாலும் ஓடும். ஆனால் பழைய துளைகள் சில அரை ஆம்பியர்தான் தரும். நடுவில் அணைந்து போவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு சிக்கல், டிவியை அணைத்தால் துளையும் அணைந்து, சேமிக்காத ஆட்டம் போய்விடும். சுவர் சார்ஜரே நல்லது.

சேமிப்பும் ரீவைண்டும்

கேமிலிருந்து மெனுவுக்குத் திரும்ப, பெட்டியில் இருக்கும் ரீசெட் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். கன்ட்ரோலரில் அதற்கு வழியே இல்லை. கேபிள் சுமார் 1.4 மீட்டர். ஓராண்டு முன்பு நின்டெண்டோ இதேபோல் வெளியிட்ட என்இஎஸ் கிளாசிக்கின் முக்கால் மீட்டர் கேபிளோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஆனாலும் பெட்டியைக் கை எட்டும் தூரத்தில், டிவிக்கும் இருக்கைக்கும் நடுவில் வைக்க வேண்டியதுதான். நீளமான எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக்கொள்வது சுலபமான தீர்வு. கன்ட்ரோலர் முனை, நின்டெண்டோவின் வீ (Wii) கன்சோலின் ரிமோட்டில் செருகும் அதே வகைதான். அதனால் வீ கன்ட்ரோலர்களுக்கு விற்ற நீட்டிப்புக் கேபிள்கள் பொருந்தும், வீ கிளாசிக் கன்ட்ரோலரும் வேலை செய்யும். முன்பக்கம் தெரியும் துளைகள் அலங்காரம். அந்தத் தகட்டை முன்னால் இழுத்தால் உண்மையான துளைகள் இருக்கும். முனையை அழுத்திச் செருகுங்கள். பாதியில் நின்றால் சில பட்டன்கள் விட்டுவிட்டு வேலை செய்வதுபோல் தோன்றும்.

ஒவ்வொரு கேமுக்கும் நான்கு சேமிப்பு இடங்கள். ரீசெட் அழுத்தியதும் ஆட்டம் நின்ற இடம் தற்காலிகமாக மெனுவில் நிற்கும். அதைக் கீழே கொண்டுபோய் நான்கில் ஒரு இடத்தில் வைத்தால்தான் நிலைக்கும். வைக்காமல் வேறு கேமைத் திறந்தால் அழிந்துவிடும். புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். சேமித்த இடத்திலிருந்து பின்னோக்கி ஓட்டி வேறு கணத்தில் தொடரும் ரீவைண்ட் வசதியும் உண்டு. எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பது கேமைப் பொறுத்தது: வேகமான கேம்களில் சில பத்து விநாடிகள், நிதானமான ஆர்பிஜிகளில் (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே போகும் கதைக் கேம்கள்) சில நிமிடங்கள்.

ரீவைண்ட் இருப்பது பழைய கேமின் மரியாதையைக் கெடுக்கிறது என்பார்கள் சிலர். ஏற்க முடியவில்லை. சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ் கேமில் இரண்டு அடி பட்டால் மரணம், கடைசிவரை போனால் திரும்ப முதலிலிருந்து ஆடச் சொல்லும். வாரக்கணக்கில் ஒரே கேமை வைத்திருந்த காலத்துக்கு அளந்து வைத்த கடினம் அது. இன்று அதன் கடைசி அரக்கனைப் பார்க்க ஆசைப்படுபவருக்கு ஒரு கைத்தாங்கல் கொடுப்பதில் தவறு என்ன? முக்கியமான விஷயம், வசதி கேமுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு எண்ணையும் மாற்றவில்லை. கோஸ்ட்ஸில் அரக்கர்கள் கூடும்போது ஆட்டம் மந்தமாகுமே, அந்த மந்தம்கூட அப்படியே இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் அந்த இடங்களைத் தாண்டினார்கள், நீக்கியிருந்தால் ஆட்டமே மாறியிருக்கும்.

21 என்ற எண்

இனி பொற்காலத்துக்கு வருவோம். பட்டியலைப் பாருங்கள்: செல்டா, சூப்பர் மெட்ராய்டு, எர்த்பவுண்ட், ஃபைனல் ஃபேன்டசி, டாங்கி காங் கன்ட்ரி, மெகா மேன் எக்ஸ், யோஷிஸ் ஐலண்ட். ஒன்றுக்கொன்று சளைக்காதவை. இதைப் பார்த்துவிட்டு “அந்தக் காலத்துல குப்பையே வரலை” என்று நினைப்பது இயல்பு. ஆனால் வட அமெரிக்காவில் மட்டும் சூப்பர் நின்டெண்டோவுக்கு 700-க்கும் அதிகமான கேம்கள் வந்தன. 21 என்பது அதில் 3 சதவீதம். மீதியில் திரைப்படப் பெயரை ஒட்டி அவசரமாகச் செய்தவை, ஆண்டுதோறும் எண்ணை மட்டும் மாற்றி வந்த விளையாட்டுக் கேம்கள், பாதி வெந்த சண்டைக் கேம்கள் எல்லாம் ஏராளம். எந்தப் பத்தாண்டிலும் மேலே உள்ள 3 சதவீதத்தை வழித்தெடுத்தால் அது பொற்காலமாகத்தான் இருக்கும்.

பொற்காலம் எது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. காசு போட்டு ஆடும் ஆர்கேடு கேம்களின் ரசிகர்கள் 1978 ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980 பேக்மேன், 1981 டாங்கி காங் என்று அடுக்குவார்கள். அதே அலையின் முடிவில்தான் 1983-ல் வட அமெரிக்கச் சந்தை சரிந்தது, அடாரி நிறுவனத்தின் விற்காத கார்ட்ரிட்ஜ்கள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைந்தன. 2014-ல் தோண்டி எடுத்தார்கள். இன்னொரு கூட்டம் 1998 என்று அடித்துச் சொல்லும்: ஒக்கரீனா ஆஃப் டைம், மெட்டல் கியர் சாலிட், ஹாஃப்-லைஃப், ஸ்டார்கிராஃப்ட் நான்கும் ஒரே ஆண்டில். எல்லோரும் சொல்வது சரிதான்.

உண்மையில் வருத்தப்பட வேண்டியது வேறு. 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் அப்போதே கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. தேர்ந்தெடுத்த 21 மட்டுமே மறுபடி மறுபடி விற்பனைக்கு வருகிறது, மற்றதெல்லாம் கண்ணுக்கு மறைந்துகொண்டே போகிறது. இந்தப் பெட்டியிலேயே கூட குரோனோ டிரிகர் என்ற புகழ்பெற்ற ஆர்பிஜி இல்லை. அது இல்லாத 16-பிட் (சூப்பர் நின்டெண்டோ தலைமுறை) தொகுப்பை முழுமையானது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதே சமயம், இந்தப் பெட்டி செய்த மிகப் பெரிய காரியமும் இந்த இடத்தில்தான் வருகிறது: ஸ்டார் ஃபாக்ஸ் 2. தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய முடிந்த கேம். புதிய 3டி கன்சோல்களோடு ஒப்பிட்டால் எடுபடாது என்று வெளியிடாமல் நிறுத்தினார்கள். இருபது ஆண்டு கழித்து இதில்தான் முதன்முறையாக முறைப்படி வந்தது. ஸ்டார் ஃபாக்ஸின் முதல் கட்டத்தை முடித்தால் திறக்கும். கார்ட்ரிட்ஜுக்குள் வைத்த சூப்பர் எஃப்எக்ஸ் 2 சிப்பை நம்பி எழுதியது என்பதால் காட்சி தடவித் தடவித்தான் நகரும். அரை மணிக்குள் ஒரு ஆட்டம் முடியும். ஆனால் வரைபடத்தில் எதிரிக் கப்பல்கள் நகர, எங்கே போய்த் தடுப்பது என்று நாமே முடிவெடுக்கும் அமைப்பு அந்தக் காலத்துக்கு மிகவும் துணிச்சலானது. யாருக்கும் இதைப் பற்றிச் சிறுவயது ஞாபகம் இல்லை. அதனாலேயே இதை ஆடும்போது 16-பிட் காலம் எப்படி இருந்தது என்பது கலப்படமில்லாமல் தெரிகிறது.

பெட்டிக்குள் அடங்காதவை

சில கேம்கள் காகிதத்தையும் வன்பொருளையும் சேர்த்தே எழுதப்பட்டவை. மெட்டல் கியர் சாலிட் கேமில் மெரில் என்ற பாத்திரத்தைத் தொடர்புகொள்ளும் அலைவரிசை சிடி பெட்டியின் பின்புறம் இருக்கிறது என்று கேமே சொல்லும். பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் திருப்பிப் பார்க்கச் சிடி பெட்டி இல்லை; எண் 140.15. அதே கேமில் கன்ட்ரோலரை அதிர வைக்கும் புகழ்பெற்ற காட்சிக்கும் இதில் வழியில்லை, கூடவே தந்த கன்ட்ரோலரில் அதிர்வும் கிடையாது, அனலாக் குச்சியும் கிடையாது. நின்டெண்டோ பக்கமும் குறை உண்டு. சீக்ரெட் ஆஃப் மானாவை அன்று மல்டிடேப் (கூடுதல் கன்ட்ரோலர்களைச் செருகும் கருவி) போட்டு மூன்று பேர் ஆடலாம். இங்கே துளை இரண்டுதான். கையேடுகளை க்யூஆர் குறியீடு காட்டி வலைத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். தாளில் அச்சிட்டுத் தந்திருக்க வேண்டும்.

மெகா டிரைவ் மினி 2019-ல் வந்தது, 42 கேம்கள், எம்2 குழுவின் கைவேலை. மொழியை மாற்றினால் அந்த நாட்டுப் பதிப்பே ஓடும். சோனிக் பக்கத்து ஆட்கள் தயங்காமல் எடுக்கலாம்.

அசல் கன்சோலே வேண்டும் என்பவர்கள் ஒரு வேலைக்குத் தயாராக வேண்டும். செல்டா, சூப்பர் மெட்ராய்டு போன்ற கார்ட்ரிட்ஜ்களில் சேமிப்பைத் தாங்குவது பலகையில் பற்றவைத்த சிஆர்2032 பேட்டரி. முப்பது ஆண்டு பழையது எந்த நாளும் சாகலாம். கார்ட்ரிட்ஜைத் திறக்க 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி வகைத் திருப்புளி, கன்சோலுக்கு 4.5 மிமீ. காதுத் தகடு பற்றவைத்தே விற்கும் பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரியை டேப் ஒட்டி நிறுத்தினால் தொடர்பு விட்டுவிட்டுப் போகும், பேட்டரி மீதே நேரடியாகப் பற்றவைத்தால் சூட்டில் கெடும். கூட்டல் குறியைப் பலகையில் அச்சிட்டபடி பாருங்கள். பழையதை எடுத்தவுடன் சேமிப்பு அழிந்துவிடும் என்பதையும் முன்பே தெரிந்து கொள்ளுங்கள்.

சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்கின் தயாரிப்பு நின்றுவிட்டது. இனி கைமாறித்தான் கிடைக்கும், போலியும் நிறைய. நூற்றுக்கணக்கான கேம்கள் உள்ளே இருப்பதாகச் சொன்னால் அது பெட்டியின் சாயலை மட்டும் எடுத்துச் செய்த வேறு பொருள், அல்லது யாரோ திறந்து மாற்றியது. பணம் கொடுக்குமுன் டிவியில் போட்டுப் பாருங்கள்: சரியாக 21 கேம்கள், நான்கு சேமிப்பு இடங்கள், ரீவைண்ட் இருக்கிறதா? ஜப்பானியப் பெட்டியிலும் எண்ணிக்கை 21தான், பட்டியல் கொஞ்சம் வேறு, எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. ஆர்பிஜிக்காக வாங்குபவர்கள் இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு கன்ட்ரோலர்களையும் தனித்தனியாகச் செருகி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் ரியூவை எடுத்து அவருடைய ஹடோகன் பந்தைப் பத்து முறை வீசுங்கள், ஐந்து இடப்புறம் பார்த்து, ஐந்து வலப்புறம் பார்த்து. மூலைவிட்டத் திசை ஒரு பக்கம் மட்டும் தவறினால் திசைப் பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.